இரண்டரைத் தக்காளி எடையில் ஒரு ஷூ

“இந்த அளவு இருக்கும்,” என்று சென்றாயன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

தர்மபுரியில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் தஸ்தகீர், அந்தக் கைகளுக்கு நடுவே இருந்த காற்றைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

“அண்ணே, இது காலா, கெண்டை மீனா?”

“பொண்ணு காலு பாய். பத்தொம்பது வயசு. இங்க நடக்கப்போற அரை மாரத்தான்ல ஓடுது. இருபத்தோரு கிலோமீட்டரு. நல்லதா ஒரு ஷூ குடுங்க. போட்டிருக்கறதே தெரியக்கூடாது, அவ்வளவு லேசா இருக்கணும்.”

“சைஸ் என்ன?”

“அதான் காட்டினேனே.”

“ஷூ என்ன துண்டா அண்ணே, எல்லாருக்கும் ஒரே அளவு போட?” தஸ்தகீர் கண்ணாடி அலமாரியைத் திறந்து ஆரஞ்சு நிற ஷூ ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். “இது பந்தயத்துக்குன்னே செய்யறது. தினம் ஓடிப் பழகற ஷூ வேற, இது வேற. அடியில நுரை, நுரைக்கு நடுவுல ஒரு தகடு. மிதிச்சா முன்னால தள்ளிவிடும். ஆனா காலுக்குச் சரியா அமையணும். பாதம் அகலமான ஆளுன்னா நெருக்கிப் பிடிக்கும். குதிகால் லூசா இருந்தா கொப்புளம் வரும். விரலுக்கு முன்னால கட்டைவிரல் அகலத்துக்கு இடம் விடணும், தூரம் ஓட ஓடக் காலு வீங்கும். அந்தப் பொண்ணு ஓடறப்ப முதல்ல குதிகாலை ஊனுதா, முன்பாதத்தை ஊனுதா?”

சென்றாயன் ஷூவைக் கையில் எடுத்து மேலும் கீழும் ஆட்டினார்.

“நூத்தி எண்பத்தஞ்சு கிராம்.”

தஸ்தகீர் அதை வாங்கி எடை மெஷினில் வைத்தார். நூற்று எண்பத்தாறு.

“எப்படிண்ணே?”

“ரெண்டரைத் தக்காளி,” என்றார் சென்றாயன்.

மாரண்டஹள்ளி தக்காளி மண்டியில் இருபத்தெட்டு வருடமாக எடை போடுகிறவர் அவர். எதைத் தொட்டாலும் கை எடை சொல்லிவிடும். சொல்ல முடியாத பாரம் ஒன்று மட்டும் மூன்று மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. அது அந்தப் பெண்ணுக்குச் சொல்லாமல் விட்ட நன்றி.

நடந்தது இதுதான். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலை, தூறலில் குடை பிடித்துக்கொண்டு மண்டிக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார். ரயில்வே கேட்டுக்கு முன்னால் வரும் வளைவில் திரும்பியது வரைதான் ஞாபகம். அடுத்துக் கண் திறந்தபோது வானம் குலுங்கிக்கொண்டிருந்தது. ஒரு தள்ளுவண்டியில், தக்காளிக் கூடைகளுக்கு நடுவே மல்லாந்து கிடந்தார். தலையில் ரத்தம். வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தாள்.

“மாமா, கண்ணை மூடாதீங்க மாமா! செத்துகித்துப் போயிடாதீங்க மாமா!”

ஆஸ்பத்திரி வரைக்கும் இரண்டு கிலோமீட்டர், அவள் எங்கேயும் நிற்கவில்லை. ஒன்பது தையல். இன்னும் தாமதமாகியிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். மனைவி காசியம்மாள் அலறி அடித்துக்கொண்டு வந்து சேர்வதற்குள் அந்தப் பெண் போய்விட்டாள். பெயர்கூடச் சொல்லவில்லை.

டீகூடக் குடிக்காமல் வெறும் வயிற்றோடு கிளம்பியதால் மயக்கம் போட்டு விழுந்துவிட்டோம் என்று சென்றாயன் முடிவு கட்டிக்கொண்டார். அதன் பிறகு விடிந்த ஒவ்வொரு நாளும் அவருக்குக் கொசுறாகத் தெரிந்தது. எடை முடிந்த பிறகு கூடைமேல் இரண்டு காய் அள்ளிப் போடுவார்களே, அந்த மாதிரி. டீ சூடாக இருந்தால் சந்தோஷம். பாலக்கோடு பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் சந்தோஷம். மண்டியில் யாராவது சண்டைக்கு வந்தால், “சண்டை போட நான் இருக்கேனே, அதைச் சொல்லு,” என்று சிரித்தார். சண்டைக்கு வந்தவன் குழம்பிப்போய்த் திரும்பினான்.

தன்னை ஏற்றி வந்த தள்ளுவண்டியின் சொந்தக்காரரிடம் விசாரித்ததில் ஆள் தெரிந்துவிட்டது. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற செல்லியின் மகள் காவியா. கல்லூரியில் முதல் வருடம் படிக்கிறாள். தினமும் விடியற்காலையில் ஓடிப் பழகுகிறவள்.

சென்றாயன் ஒரு பை நிறையப் பழம் வாங்கிக்கொண்டு போனார். வீட்டுக் கதவில் வெளியே பூட்டுத் தொங்கியது. உள்ளே மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது.

“ஏம்மா செல்லி!” என்று கூப்பிட்டார்.

மிக்ஸி நின்றது.

ரொம்ப நேரம் நின்று பார்த்துவிட்டு, பையைக் கேட்டில் மாட்டிவிட்டு வந்தார். மறுநாள் காலையில் அதே பை அவர் வீட்டுக் கேட்டில் தொங்கியது. பழம் ஒன்றுகூடக் குறையவில்லை. கூடவே ஒரு டஜன் நாட்டுக்கோழி முட்டை. அடுத்த வாரம் முருங்கைக்காய். அதற்கடுத்த வாரம் ஒரு செம்பு சீம்பால்.

“பாரு காசி! உசுரையும் காப்பாத்திட்டு முட்டையும் குடுக்கறாங்க. நன்றின்னு ஒரு வார்த்தை வாங்கிக்கக்கூட அவங்களுக்குக் கூச்சம். இப்படி ஒரு குடும்பத்தை எங்க பார்ப்ப?”

காசியம்மாள் முட்டையை உடைத்துக்கொண்டே சொன்னாள்: “எனக்கு என்னமோ வேற தோணுதுங்க. நம்ம குருவுக்குப் பொண்ணு கேட்டு வர்றீங்கன்னு பயப்படறாங்க. படிக்கிற புள்ளைன்னா பெத்தவளுக்குப் பயம் இருக்காதா?”

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஓசூர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் குருவிடம், கொஞ்ச நாளைக்கு ஊர்ப் பக்கம் வர வேண்டாம் என்று போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

ஆனாலும் காவியா பிடிகொடுக்கவில்லை. தெருவில் இவரைக் கண்டால் வந்த வழியே திரும்பினாள். ஒரு தடவை இவர் ஏறிய பஸ்ஸிலிருந்து, டிக்கெட் வாங்கிய பிறகு, இறங்கியே போய்விட்டாள். அவள் அப்படி ஓடிப்போகும்போதுதான் சென்றாயன் அவள் ஷூவைப் பார்த்தார். சைக்கிள் பஞ்சருக்குப் போடுகிற சொல்யூஷன் வைத்து ஒட்டிய அடிப்பாகம், ஒவ்வொரு அடிக்கும் வாயைத் திறந்து திறந்து மூடியது.

இன்னும் ஐந்து வாரத்தில் தர்மபுரியில் அரை மாரத்தான், காவியா பேர் கொடுத்திருக்கிறாள் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். சென்றாயனுக்கு அந்த நிமிடமே பாரம் பாதி இறங்கினாற்போல் இருந்தது. என்ன கொடுப்பது என்று தெரிந்துவிட்டது. நேரில் கொடுத்தால் வாங்க மாட்டாள். அளவு தெரிந்து வாங்கி, எப்படியாவது சேர்த்துவிட வேண்டும்.

தஸ்தகீர் கேட்ட கேள்விக்குப் பதில் தேடி, மறுநாள் விடியலில் மொபெட்டை எடுத்தார். அவள் சங்கடப்படக் கூடாதே என்று விளக்கை அணைத்துவிட்டுப் பின்னால் போனார். குதிகாலா முன்பாதமா என்று பார்க்க வேண்டுமே, அதற்காக ஹேண்டில்பார்மேல் கவிழ்ந்து அவள் கால்களையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

காவியா திரும்பிப் பார்த்தாள். வேகத்தைக் கூட்டினாள்.

சென்றாயனும் கூட்டினார்.

அவள் இன்னும் கூட்டினாள். மொபெட்டின் முள் பதினெட்டைத் தொட்டது. மேட்டில் மொபெட் திணறியது, அவள் திணறவில்லை. திடீரென்று சாலையைவிட்டு ஒரே தாவலில் தக்காளித் தோட்டத்துக்குள் குதித்து மறைந்துவிட்டாள்.

“அடேங்கப்பா!” என்று சென்றாயன் மனதாரப் பாராட்டினார். “காட்டு மேலகூடப் பயிற்சி எடுக்குது.”

தோட்டத்தில் புதிதாகத் தண்ணீர் பாய்ச்சியிருந்தார்கள். ஈர மண்ணில் அவள் காலடி அச்சு எடுத்தாற்போல் பதிந்திருந்தது. இதைவிட என்ன அளவு வேண்டும்? சாக்கு ஊசிக்குப் போடும் சணல் கயிற்றால் அளந்தார். அப்போதும் திருப்தி வராமல், அந்தக் காலடியை அப்படியே மண்ணோடு பெயர்த்துச் சாக்கில் வைத்தார்.

“யாரது? ஏனு பேக்கு?” என்று தோட்டக்காரர் கன்னடத்தில் கத்திக்கொண்டே வந்தார்.

என்ன வேணும் என்று கேட்டால் உள்ளதைச் சொல்வதுதான் சென்றாயன் வழக்கம்.

“ஒண்ணும் வேண்டாமுங்க. இந்தப் பொண்ணோட காலடி மண்ணு மட்டும் போதும்.”

தோட்டக்காரர் இரண்டடி பின்னால் போனார். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஓடிவிட்டார்.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. சென்றாயன் செல்லி மகளுக்குச் செய்வினை வைக்கக் காலடி மண் எடுத்திருக்கிறான். செல்லி வீட்டு வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கின.

“ஏனுங்க, மண்ணையெல்லாம் எதுக்குங்க வாரினீங்க?” என்று காசியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். “ஒரு ஷூ வாங்கறதுக்குள்ள நம்மளை ஊரை விட்டே தள்ளி வெச்சிருவாங்க போலிருக்கே!”

தர்மபுரி போய்ச் சேர்வதற்குள் மண் காய்ந்து மூன்றாக வெடித்திருந்தது. தஸ்தகீர் அதையும் பொறுமையாகச் சேர்த்து வைத்து அளந்தார்.

“பத்தாம் நம்பர் வருதுண்ணே. ஈர மண்ணுல காலு விரிஞ்சு தெரியும். இதை நம்பி வாங்கினா அந்தப் பொண்ணு ஷூவுக்குள்ள குடியிருக்கலாம். அதோட பழைய ஷூ ஒண்ணு கொண்டாங்க. எல்லாத்தையும் அதுவே சொல்லிரும்.”

பழைய ஷூ செல்லி வீட்டுச் சுற்றுச்சுவர்மேல் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. நட்டநடு மத்தியானம், தெருவில் ஆள் இல்லை. சென்றாயன் ஒன்றை எடுத்துக் கயிற்றால் அளக்கத் தொடங்கினார். கதவு திறந்தது. செல்லி வெளியே வந்தாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். சென்றாயனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. உயிரைக் காப்பாற்றிய பெண்ணைப் பெற்ற தாய் ஆயிற்றே. இரண்டு கைகளையும் கூப்பிக் கும்பிட்டார். ஷூ கைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது.

“ஐயோ காவியா! ஷூவை எடுத்துட்டாருடி!” என்று கத்திக்கொண்டு செல்லி உள்ளே ஓடித் தாழ்ப்பாள் போட்டாள்.

அந்தக் கத்தலில் பதறிப்போய், ஷூவைத் திரும்ப வைக்க மறந்து, அதோடேயே பஸ் ஏறிவிட்டார் சென்றாயன்.

தஸ்தகீர் அந்த ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஆறாம் நம்பர். தேய்மானமெல்லாம் முன்னாலதான் இருக்கு. குதிகாலை ஊனறதே இல்ல. சுண்டுவிரல் பக்கம் துணி பிதுங்கி நிக்குது பாருங்க, பாதம் அகலம். இந்த ஷூ செத்து மூணு மாசம் ஆச்சுண்ணே. இதைப் போட்டுக்கிட்டு ஓடுதுன்னா அது காலு இல்ல, இரும்பு.”

சென்றாயனுக்குக் கண் கலங்கியது. மூன்று மாதம். செத்துப்போன இதே ஷூவோடுதான் தன்னைத் தள்ளிக்கொண்டு ஓடியிருக்கிறாள்.

மறுநாள் ஷூவைத் திருப்பிக் கொடுக்கப் போனார். கேட் உள்பக்கமாகப் பூட்டியிருந்தது. கூப்பிட்டுப் பார்த்தார், பதில் இல்லை. சரியென்று சுவருக்கு மேலாக மெல்ல வீசினார். தொப்பென்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், மாட்டுக்குக் கழுநீர் வைக்கும் தொட்டி. ஷூ மூழ்க, அடிப்பாகம் மட்டும் தனியாகக் கழன்று மேலே மிதந்தது. மாடு அதை முகர்ந்து பார்த்து, பிடித்துப்போய், கவ்விக்கொண்டது.

இரண்டு நாளில் டீக்கடையில் சொன்னார்கள், காவியா வெறும் காலோடு ஓடுகிறாளாம். அன்றைக்குச் சென்றாயனுக்குச் சோறு இறங்கவில்லை. உயிர் கொடுத்தவளுக்கு இருந்த ஒரு ஷூவையும் இல்லாமல் ஆக்கிவிட்டோமே!

“பாய், நீங்கதான் காப்பாத்தணும்,” என்று தஸ்தகீருக்குப் போன் போட்டார்.

தஸ்தகீர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “நான் நேர்ல போறேன். எங்க கடை சார்பா நல்லா ஓடற புள்ளை ஒண்ணுக்கு ஷூ குடுக்கறோம்னு சொல்றேன். உங்க பேரையே எடுக்க மாட்டேன்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு, மூன்று ஜோடி ஷூவோடு மாரண்டஹள்ளிக்கு வந்தார். சென்றாயன் பஸ் ஸ்டாண்டில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமலே ஒரு மணி நேரம் காத்திருந்தார்.

“முடிஞ்சுதுண்ணே,” என்று வந்தார் தஸ்தகீர். “மூணையும் போட்டுத் தெருவுல ஓடவிட்டேன். மொத ஜோடி எல்லாத்தையும்விட லேசு, ஆனா சுண்டுவிரலை நெருக்குச்சு, வேண்டாம்னுட்டேன். ரெண்டாவது குதிகால்ல வழுக்குச்சு. மூணாவது ஆறரை சைஸ், முன்னால அகலம். போட்டுக்கிட்டு அந்தக் கோடி வரைக்கும் ஓடிட்டு வந்துச்சு. ‘அங்கிள், ஷூ போட்டிருக்கேனான்னு குனிஞ்சு பார்த்துக்கிட்டேன்’னு சொல்லி அழுதுருச்சு. பந்தயத்தன்னிக்குப் புதுசாப் போடக்கூடாது, முன்னாடியே மூணு தடவை நீளமா ஓடிப் பழகிக்கோம்மான்னு சொல்லியிருக்கேன்.”

சென்றாயன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். 

“ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுச்சுண்ணே. ‘சென்றாயன்னு ஒருத்தர் உங்க கடைக்கு வந்தாரா?’ன்னுச்சு. அப்படி ஒரு ஆளையே தெரியாதுன்னுட்டேன். அதுக்கப்புறம்தான் அம்மாவுக்கும் பொண்ணுக்கும் மூஞ்சியில சிரிப்பே வந்துச்சு.”

“பாத்தீங்களா பாய்? நான் நன்றிக்கடன் தீர்க்கறதா இருந்தா வாங்கக்கூடாதுன்னு நினைச்சிருக்கு. என்ன மனசு!”

பந்தய நாள் வந்தது. சென்றாயனும் காசியம்மாளும் முதல் பஸ் பிடித்துத் தர்மபுரிக்கு வந்து, ஓட்டம் முடியும் மைதானத்தில் கயிற்றை ஒட்டி இடம் பிடித்தார்கள். ஜெயித்தாலும் தோற்றாலும் இன்றைக்கு நேரில் நன்றி சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, கையில் ஒரு ரோஜா மாலையும் வைத்திருந்தார். பக்கத்தில் துண்டும் தண்ணீர் பாட்டிலுமாக ஒரு பெண் நின்றாள்.

“காவியாவுக்காக வந்திருக்கியாம்மா?” என்று காசியம்மாள் கேட்டாள்.

“ஆமாங்க. கூடப் படிக்கிறேன். என் பேரு அனம்,” என்றவள், பின்னால் மாலையோடு நின்ற சென்றாயனைப் பார்த்ததும், “நீங்களா?” என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதற்குள் கூட்டம் கத்த ஆரம்பித்தது. பெண்களில் முதலில் வந்தது யாரோ ஒரு நெட்டைப் பெண். இருபதடி பின்னால் இன்னொருத்தி. மூன்றாவதாகக் காவியா. கால்களில் ஆரஞ்சு ஷூ தரையைத் தொடுவதும் தெரியவில்லை, விடுவதும் தெரியவில்லை. ஆனாலும் களைத்திருந்தாள். இன்னும் முந்நூறு மீட்டர்தான் இருந்தது, முந்த முடியும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

சென்றாயனுக்கு நிற்க முடியவில்லை. மாலையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, கயிற்றைத் தாண்டிக் குதித்தார்.

“காவியா! அம்மா காவியா! நான் வந்துட்டேன்!”

காவியா நிமிர்ந்து பார்த்தாள். முகம் வெளுத்தது. அடுத்த நொடி என்ன நடந்ததென்று கூட்டத்துக்கே புரியவில்லை. இரண்டாவதாக வந்தவளைத் தாண்டினாள். நெட்டைப் பெண்ணைத் தாண்டினாள். ரிப்பனை அறுத்தாள். அறுத்தும் நிற்காமல் ஓடினாள். மெடலைக் கையில் வைத்துக்கொண்டு அமைப்பாளர் பின்னால் ஓடினார், அவருக்குப் பின்னால் சென்றாயன், அவருக்குப் பின்னால் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காசியம்மாள், துண்டோடு அனம். மைதானத்துச் சுவர் குறுக்கே வந்ததால்தான் காவியா நின்றாள்.

மூச்சு வாங்கிக்கொண்டு சுவரில் முதுகைச் சாய்த்தபடி அவரைப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டியது.

சென்றாயன் மாலையை நீட்டினார். நான்கு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த பேச்சில் பாதிதான் வந்தது.

“நீ இல்லன்னா நான் இல்லம்மா. இன்னிக்கு நான் குடிச்ச டீ, பார்த்த வெயிலு, எல்லாம் நீ குடுத்தது. எம் பையனுக்கு அப்பன் இருக்கான்னா உன்னாலதான். இவ நெத்தியில பொட்டு இருக்குதே, அதுவும் உன்னாலதான்.”

“மாமா, என்னை மன்னிச்சிருங்க மாமா!” என்று காவியா விசும்பினாள்.

“மன்னிப்பா? கும்பிடணும்மா உன்னை!”

அவள் சடாரென்று அவர் காலில் விழக் குனிந்தாள். உயிர் கொடுத்தவள் தன் காலில் விழுவதா என்று பதறி, அதே வேகத்தில் அவரும் அவள் காலில் விழக் குனிந்தார். இரண்டு தலையும் தேங்காய் உடைத்தாற்போல் மோதிக்கொண்டன. இருவரும் ஆளுக்கொரு பக்கமாகத் தலையைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஓடி வந்த அனம் இடுப்பில் கைவைத்து நின்று கத்தினாள்:

“ஏண்டி காவியா, அன்னிக்கு மழையில கண்ணு மண்ணு தெரியாம ஓடியாந்து இவரை முட்டித் தள்ளி மண்டையை ஒடைச்சது பத்தாதா, இன்னிக்கும் முட்டணுமா?”